இரண்டாம் பெட்டியின் இரைச்சல்

என் மைத்துனன் தேனி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, மாடியில் வேட்டிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, காதில் ஒன்றை மாட்டுவான், கழற்றுவான், இன்னொன்றை மாட்டுவான். அவனுக்குத் துணை ஒரு பேராசிரியர். ராயப்பன்பட்டிக்காரர், பெரியகுளத்தில் தோட்டக்கலை சொல்லிக்கொடுக்கிறார், ஊர் மாதா கோயிலில் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறார். மாமரத்துக்கு எப்போது என்ன உரம் வைக்கலாம் என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார். ஹெட்போன் பற்றிக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

இவர்களுடைய ஆராய்ச்சி இதுதான். ஃபோனில் இருக்கிற பாட்டு வெறும் எண்களாம். அதைச் சத்தமாக மாற்ற ஃபோனுக்குள்ளேயே ஒரு சில்லு இருக்கிறதாம், ஆனால் அது மட்டமாம். ஆகவே தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி, சார்ஜ் போடுகிற ஓட்டையில் செருகி, அதன் மறுமுனையில் ஹெட்போனை மாட்ட வேண்டும். மாற்றிக் கொடுப்பது டாக். சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது ஆம்ப். இரண்டும் ஒரே பெட்டிக்குள் வருவதும் உண்டு. கட்டைவிரல் அளவில் ஒன்று, தீப்பெட்டி அளவில் ஒன்று, சிகரெட் பெட்டி அளவில் ஒன்று என்று வாங்கிக் குவித்திருந்தார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான் இந்த வியாதி பரவக் காரணம். விலை அதிகமாக இருந்திருந்தால் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் பிழைத்திருப்பார்கள்.

வாங்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு இவர்கள் பேசுகிற பேச்சைத்தான் தாங்க முடியாது. ஒரு பெட்டி "வார்ம்" ஆக இருக்கிறதாம். என்ன, இட்லியா? இன்னொன்றில் பாடகிக்கும் தபேலாவுக்கும் நடுவில் இடம் தெரிகிறதாம். தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள், நாற்காலி போடப் போகிறார்களா? மூன்றாவதில் "பின்னணி கறுப்பாக" இருக்கிறதாம். சத்தத்துக்கு எப்போது நிறம் வந்தது என்று பேராசிரியரைக் கேட்டேன். அனுபவத்தில்தான் தெரியும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரும் தலையை ஆட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் போடியில் ஏலக்காய் வியாபாரி. எங்கள் தொழிலில் இந்த ஜோடனையெல்லாம் கிடையாது. ஏலக் கூடத்தில் சாம்பிள் தட்டு கைமாறி வரும். காயை அள்ளிப் பார்ப்போம், மோந்து பார்ப்போம், உரித்துப் பார்ப்போம், தரையில் எறிந்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவோம். காய் நல்ல காய், அல்லது சுமாரான காய். அதற்கு மேல் ஒருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம், பேசினால் விலை ஏறிவிடும். இப்போது விலை கேட்பதெல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. ஆனாலும் நான் ஸ்கிரீனைப் பார்ப்பதைவிட எதிரில் இருக்கிறவர்களைத்தான் பார்ப்பேன். யார் காயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதல் நேரம் உருட்டுகிறார், யாருக்கு உதட்டோரம் இறுகுகிறது என்பதுதான் எனக்குக் கணக்கு. காயைப் பார்த்து வாங்கியதைவிட முகத்தைப் பார்த்து வாங்கியதுதான் நான் அதிகம்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று என் மனைவி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தும் நான் அடுப்பை அணைக்கவில்லையாம், டிவியை அலற வைக்கிறேனாம். காது டாக்டரிடம் போகலாம் என்று வாரத்துக்கு ஒருமுறை ஆரம்பித்துவிடுவாள். காய் தரம் பிரிக்கிற மெஷின் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றிருக்கிறேனே, அதன் இரைச்சல் சும்மா விடுமா என்பாள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நீ முணுமுணுக்கிறாய். அவள் மட்டும் இல்லை, ஊரே முணுமுணுக்கிறது. முகக்கவசம் போட்டிருந்த காலத்தில் ஒருவர் பேசியதுகூட எனக்குப் புரிந்ததில்லை. துணியை வாயில் கட்டிக்கொண்டு பேசினால் யாருக்குத்தான் புரியும்? சமீபத்தில் இன்னொரு வழக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். எதைச் சொல்வதானாலும் எனக்கு முன்னால் வந்து, டிவியை மறைத்துக்கொண்டு நின்றுதான் சொல்வாள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் மைத்துனனும் பேராசிரியரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மூன்று பெட்டிகளையும் ஒப்பிட்டு, எது நல்லது என்று முடிவு கட்ட வேண்டுமாம். தேனிக் கடை மாடியில் ரோட்டுச் சத்தம் தொந்தரவாம். எங்கள் தெரு அமைதியானது என்பதால் என் ஹாலில் கடை விரித்தார்கள். பேராசிரியர் கொண்டுவந்த பையிலிருந்து வயர் வயராக வந்தது, கடைசியில் ஒரு மல்டிமீட்டரும் வந்தது. அது எதற்கு என்று கேட்டேன். எந்தப் பெட்டி கொஞ்சம் சத்தமாகக் கத்துகிறதோ அதையே நல்லது என்று மனசு சொல்லிவிடுமாம். அதனால் மூன்றையும் மீட்டர் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டுமாம். இவர்கள் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். அப்படியானால் இத்தனை நாள் மீட்டர் வைக்காமலே வார்ம், கறுப்பு என்று அளந்துவிட்டதெல்லாம் என்ன என்று கேட்டேன். மைத்துனன் சிரித்து மழுப்பினான்.

அன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். உங்கள் காதில் நீங்களே பூச் சுற்றிக்கொள்கிறீர்கள், மூன்று பெட்டியும் ஒன்றுதான், வேண்டுமானால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"நெசமாவே வித்தியாசம் இருந்து, உங்களுக்கு மட்டும் கேக்கலைன்னா?"

"அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா மறுநாளே காது டாக்டர்கிட்ட வர்றேன். போதுமா?" என்றேன்.

மைத்துனனும் பேராசிரியரும் சாட்சி. அவள் மறுபடி உள்ளே போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தானும் கேட்பதாகச் சொல்லி எங்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் சுற்றுக்கு என் கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் மூன்றையும் வைத்தார் பேராசிரியர். முதலில் எது எது என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தார். கட்டைவிரல் அளவுப் பெட்டி ஒன்று, தீப்பெட்டி அளவு இரண்டு, சிகரெட் பெட்டி அளவு மூன்று. பிறகு அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு, எங்களுக்குத் தெரியாமல் எதையோ மாட்டி, இயர்போனை எங்களிடம் நீட்டுவார். அதே பாட்டுதான். எது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பாட்டை நான் கேட்கவே இல்லை. பேராசிரியர் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது அவருடைய சொந்தப் பெட்டி. அதை மாட்டும்போது, பெண்ணை மேடையேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற தகப்பன் மாதிரி அவருக்குப் புருவம் மேலே போனது. முதலாவது மைத்துனன் வாங்கிய மலிவுப் பெட்டி; அதற்கு உதடு தொங்கியது. இரண்டாவதுக்கு மூக்கைச் சுளித்தார். ஏலக் கூடத்தில் நான் பார்க்கிற முகங்களோடு வைத்துப் பார்த்தால் இது சுவரொட்டி. கேட்ட ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னேன். ஜவுளிக்கடைக்காரன் தடுமாறினான். என் மனைவி சில தடவை தப்பாகச் சொன்னாள்.

"அண்ணனுக்கு என்னா காது!" என்று பேராசிரியர் வியந்துபோனார். மைத்துனன் என்னை ஒரு குருவைப் பார்ப்பது போலப் பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவுதான் இவர்களுடைய ஆராய்ச்சியின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் வியக்கவில்லை. நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேனோ அங்கே அவளும் ஒரு தடவை பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம், நான் விடவில்லை. தடுமாறிய பிறகு மைத்துனன் ஒவ்வொரு தடவையும் நான் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் மாமா தோணுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருத்தன் சொல்ல மற்றவன் ஆமாம் போடுவதுதான் உங்கள் ரசனை, அதையும் தோலுரித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்று? அதையே இங்கே கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு பிடி ஏலக்காய். பாட்டைக் கேட்டதும் துண்டுக்குள் கையை விட்டு, ஒன்றாவது பெட்டி என்றால் ஒரு காய், இரண்டாவது என்றால் இரண்டு, மூன்றாவது என்றால் மூன்று வைக்க வேண்டும். எல்லாரும் வைத்த பிறகு சேர்ந்தாற்போலத் துண்டை எடுக்க வேண்டும். யாரும் யாரையும் காப்பியடிக்க முடியாது.

ஏற்பாடு பேராசிரியருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்படியென்றால் இன்னும் சுத்தமாகச் செய்துவிடுவோம் என்று சொல்லி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், வாசல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இயர்போன் வயர் மட்டும் திரைக்கு அடியில் வெளியே வந்தது. எனக்கு அவர் முகம் போயிற்று. மற்ற இரண்டு பேரும் துண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் நான் முதல்முறையாகப் பாட்டைக் கேட்டேன். நல்ல பாட்டுதான். அடுத்த பெட்டியிலும் அதே நல்ல பாட்டு. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் சொன்னது சரிதான், மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குத் திருப்தி. ஆனாலும் ஏதாவது வைக்க வேண்டுமே என்று காயை வைத்தேன். துண்டுகளை எடுத்தோம். திரைக்குப் பின்னாலிருந்து பேராசிரியர் விடை சொன்னார். அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை என்று போய்க்கொண்டே இருந்தது.

என் வாதத்தில் பாதி ஜெயித்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்றாவது பெட்டிக்கும் மூன்றாவது பெட்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. மலிவுப் பெட்டிக்கு மூன்று காய் விழுந்தது, பேராசிரியரின் செல்லப் பெட்டிக்கு ஒரு காய் விழுந்தது. பாடகிக்கும் தபேலாவுக்கும் நடுவில் இருந்த இடமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்த மனிதர் எங்கள் காய்க் கணக்கைக் கேட்டுக் கேட்டு விடை சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் இரண்டாவது பெட்டி வந்தபோதெல்லாம் மைத்துனன் தட்டில் இரண்டு காய் இருந்தது. என் மனைவி தட்டிலும் இரண்டு காய். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் தட்டில் ஒன்று, மூன்று, மறுபடி ஒன்று. நான்காவது தடவையோ என்னவோ, துண்டை எடுத்ததும் இரண்டு பேரும் என் தட்டைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஏதோ சாடை வைத்திருக்கிறீர்கள், அக்காளும் தம்பியுமாகச் சேர்ந்து நாடகம் போடுகிறீர்கள் என்று கத்தினேன்.

"சாடையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரெண்டாவது பெட்டியில ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் வருதுல்ல? குக்கர் விசிலடிக்கப் போறதுக்கு முன்னாடி வருமே, அது மாதிரி. அத வச்சுத்தான் சொல்றோம்" என்றாள்.

மட்டமான ஆம்ப் என்றால் அப்படி இரைச்சல் வரும், நுணுக்கமான இயர்போனில் அது நன்றாகவே கேட்கும் என்று பேராசிரியர் திரையை விலக்கிக்கொண்டு வந்து விளக்கம் சொன்னார். அதற்காகத்தான் முதல் சுற்றில் மூக்கைச் சுளித்திருக்கிறார். பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டாவது பெட்டியை மட்டும் மாட்டி இயர்போனை என்னிடம் கொடுத்தார்.

"பாட்டே இல்லாம கேளுங்கண்ணே. இப்பத் தெரியும்."

கேட்டேன். ஒன்றுமே இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன், வயர் மாட்டியேதான் இருந்தது. வலது காதில் அழுத்திப் பார்த்தேன், இடது காதில் அழுத்திப் பார்த்தேன். மைத்துனன் வாங்கித் தன் காதில் வைத்தவுடனே தலையை ஆட்டினான். இவர்கள் தேடு தேடு என்று தேடுகிற, துளி இரைச்சல் இல்லாத அந்தக் கறுப்புப் பின்னணி எனக்கு மட்டமான பெட்டியிலேயே கிடைத்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், இந்தப் பெட்டியை வாங்கியவனை முதலில் உதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

சொன்ன சொல்லுக்காக மறுநாள் தேனியில் ஒரு காது டாக்டரிடம் போனோம். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு டெஸ்டுக்கு அனுப்பினார். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. வெளியே மெஷினுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதுகு காட்டுகிற மாதிரி என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, ஒரு பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டுமாம். அந்த ஹெட்போனுக்குப் பின்னாலும் ஒரு டாக், ஒரு ஆம்ப் இருக்குமே, அது வார்மா கறுப்பா என்று கேட்கத் தோன்றியது. அவளுக்கு அந்த நையாண்டி புரிந்திருக்காது.

எனக்கு எதிரே சுவரில் ஒரு அருவிப் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் அந்தப் பெண்ணின் தோள் தெரிந்தது. சத்தம் கொடுக்கும்போதெல்லாம் அவள் வலது தோள் ஒரு நூல் இறங்கியது. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஆள் அசைந்தால் என் விரல் அசையும், என் பிழைப்பே அதுதான். தோள் இறங்கியது, அமுக்கினேன். கேட்டதா என்றால், கேட்ட மாதிரியும் இருந்தது.

வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து போடி வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன், அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மைத்துனன் வந்தான். அவனை எதிரே உட்காரவைத்து, ரிப்போர்ட்டைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். இரைச்சலாம் இரைச்சல்! டாக்டரே நற்சான்று கொடுத்துவிட்டார், இல்லாத சத்தத்தையெல்லாம் கேட்கிற உங்களுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும், உன் அக்காளையும் கூட்டிக்கொண்டு போ என்று விளாசினேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

திடீரென்று அவன் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். ஏலக் கூடத்தில் எனக்குப் பின்னாலிருந்து யாரோ எதிர்பாராத விலையைக் கேட்டுவிட்டால் எதிரில் இருக்கிறவனுக்கு அப்படித்தான் முகம் மாறும். திரும்பிப் பார்த்தேன். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வாய் மூடியிருந்தது.

"என்ன சொன்ன?" என்றேன்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

மறுபடி சொல் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று மைத்துனனைக் கேட்டேன். ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தான்.

"அது அக்கா உங்ககிட்ட சொன்னது மாமா. அவுகளே சொல்லட்டும்."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கோபமாகக் கேட்டேன், சிரித்துக்கொண்டு கேட்டேன். இன்றுவரை அவள் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கவனித்தேன். அதன் பிறகும் அவள் எதைச் சொல்வதானாலும் எனக்கு முன்னால் வந்து, டிவியை மறைத்துக்கொண்டு நின்றுதான் சொன்னாள். முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள். ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிற எனக்கு, அவள் இப்படி எத்தனை நாளாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்பது தெரியாமல் போயிருக்கிறது.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் தேனிக்குப் போனேன். அதே அறை, அதே பெண். போன தடவைதான் எல்லாம் சரியாக இருந்ததே என்று அவள் பழைய ரிப்போர்ட்டைத் தேடப் போனாள். அது கிடக்கட்டும், முதலில் அந்தப் படத்தைக் கழற்று தாயி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எதிரே படம் இருந்தால் எனக்குக் கவனம் சிதறுகிறது என்று சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அருவியைக் கழற்றிக் கொண்டுபோனாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

ஹெட்போனை மாட்டினாள். கதவைச் சாத்தினாள். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். கொஞ்சம் மெல்லிசாக வந்தன, அமுக்கினேன். பிறகு நின்றுவிட்டது. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, சீக்கிரம் முடித்துவிட்டாள் என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வேகமாக உள்ளே வந்தாள். எனக்கு நேரே வந்து நின்றாள்.

"கழட்டாதீங்க சார். இன்னும் சத்தம் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."